விசையும் இயக்கமும்: ஒரு கணக்கை எந்த வரிசையில் போடுவது?

விசை, இயக்கம் பாடத்தில் திணறுகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் இல்லை. நியூட்டனின் மூன்று விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தடுமாறுவது வரிசையில்தான். வினாவைப் படித்ததும் அதிலிருக்கும் எண்களைப் பொறுக்கி 'விசை = நிறை × முடுக்கம்' என்பதற்குள் போட்டுவிடுகிறார்கள். அது ஆறாவதாகச் செய்ய வேண்டிய வேலை. முதல் ஐந்தையும் தாண்டிக் குதிப்பதால்தான் விடை தப்பாகிறது.

சென்னையில் டியூஷன் எடுக்கும்போது நான் சொல்லித்தரும் வரிசையை இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை உதவும். மாநிலப் பாடத்திட்டமோ சிபிஎஸ்இயோ, அடிப்படை ஒன்றுதான்.

1. உட்காரும் முன் தயாராக வேண்டியவை

பென்சில், ஸ்கேல், கோடு போடாத தாள். பேனா வேண்டாம், ஏனென்றால் படத்தை அழித்து அழித்துத்தான் போடுவீர்கள். கால்குலேட்டரும் கடைசி வரை வேண்டாம்.

அலகுகளை முதலிலேயே மாற்றிவிடுங்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகம் கொடுத்திருந்தால் 3.6-ஆல் வகுத்தால் மீட்டர்/விநாடி வரும். 18, 36, 54, 72 ஆகிய நான்கும் 5, 10, 15, 20 ஆகும் என்பதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். தேர்வில் அடிக்கடி வருகிற எண்கள் இவைதான். பாதிக் கணக்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

நிறையையும் எடையையும் பிரித்து எழுதுங்கள். நிறை கிலோகிராமில், எடை நியூட்டனில். 'என் எடை 50 கிலோ' என்று வீட்டில் சொல்வதில் தவறில்லை. விடைத்தாளில் அது 50 கிலோ நிறை, 490 நியூட்டன் எடை. இதைக் குழப்பினால் பின்னால் வருகிற ஒவ்வொரு வரியிலும் ஒரு 9.8 குறையும், இல்லையென்றால் கூடும்.

புவிஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று வினாத்தாள் சொன்னால் அதையே எடுங்கள். சொல்லாவிட்டால் 9.8 மீ/வி². உண்மையில் அது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். சென்னையில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. பள்ளிக் கணக்குக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை.

2. எந்தப் பொருள்? ஒன்றை மட்டும் எடுங்கள்

வினாவில் பஸ், பயணி, பை, சாலை என்று நான்கு பொருள்கள் இருக்கலாம். நீங்கள் பேசப்போவது எதைப் பற்றி? அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். நியூட்டனின் இரண்டாம் விதி ஒரு பொருளுக்கான கணக்கு. யாருடைய கணக்கு என்று தெரியாமல் வரவு செலவு எழுத முடியாது.

ஒரு எடுத்துக்காட்டு. எழும்பூர் நிலையத்தில் சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகளைக் கயிற்றால் இணைத்து இழுக்கிறீர்கள். முன்பெட்டி 20 கிலோ, பின்பெட்டி 10 கிலோ. முன்பெட்டியை 60 நியூட்டன் விசையோடு இழுக்கிறீர்கள். உராய்வை விட்டுவிடுவோம். நடுவிலிருக்கும் கயிற்றில் இழுவிசை எவ்வளவு?

'60 நியூட்டன்' என்று உடனே பதில் வரும். தவறு. முதலில் இரண்டு பெட்டியையும் சேர்த்து ஒரே பொருளாக வட்டம் போடுங்கள்: 60 ÷ 30 = 2 மீ/வி². இப்போது வட்டத்தைப் பின்பெட்டிக்கு மட்டும் மாற்றுங்கள். அதை இழுப்பது நடுக்கயிறு மட்டுமே. 10 × 2 = 20 நியூட்டன். சேர்த்து வட்டம் போட்டபோது நடுக்கயிறு கணக்கிலேயே வரவில்லை, அது வட்டத்துக்குள் இருந்தது. வட்டம் மாறினால் கணக்கில் வரும் விசைகளும் மாறும்.

3. விசைப்படம்: ஒவ்வொரு அம்புக்கும் ஓர் ஆள் வேண்டும்

இந்தப் பாடத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தேர்ந்தெடுத்த பொருளை ஒரு புள்ளியாகவோ கட்டமாகவோ வரைந்து, அதன் மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்பாகப் போடுங்கள். அது மற்றவற்றின் மேல் செலுத்தும் விசைகள் இந்தப் படத்தில் வரக்கூடாது.

எந்த விசையும் விட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. முதலில் பூமியின் ஈர்ப்பு: கீழ்நோக்கி ஓர் அம்பு. அப்புறம் பொருளைச் சுற்றிலும் விரலால் தடவுவதுபோல் வந்து, அதைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை என்று பாருங்கள். தரை, கயிறு, கை, சுவர். தொடுகிற ஒவ்வொன்றும் விசை தரலாம். தொடாதது, பூமியைத் தவிர, பள்ளிப் பாடத்தின் இந்தப் பகுதியில் எதுவும் தராது. காந்தமும் மின்னூட்டமும் வந்தால்தான் இது மாறும்.

ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் 'தருவது யார்' என்று எழுதுங்கள். ஆள் பெயர் எழுத முடியாத அம்பை அழித்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் போய்விடும்.

எல்லா ஆண்டும் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "மிஸ், பஸ் சடன் பிரேக் போட்டா முன்னாடி தள்ளுதே, அது என்ன ஃபோர்ஸ்?" சரி, ஆளைத் தேடுவோம். நின்றுகொண்டிருக்கும் பயணியைத் தொடுவது பஸ்ஸின் தரையும் கையில் பிடித்திருக்கும் கம்பியும்தான். பிரேக் போடும்போது இரண்டும் அவரைப் பின்னோக்கித்தான் இழுக்கின்றன. முன்னால் தள்ள அங்கே யாருமே இல்லை. பஸ் வேகம் குறைகிறது, பயணியின் உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. சாலையோரம் நிற்பவருக்கு இது தெளிவாகத் தெரியும். பஸ்ஸுக்குள் இருப்பவருக்குத்தான் தள்ளியதுபோல் இருக்கும். இதைத்தான் புத்தகம் இயக்கத்தில் நிலைமம் என்கிறது. நிலைமம் ஒரு பண்பு. அதை அம்பாக வரையக்கூடாது.

இதே தவறு கேரம் போர்டிலும் வரும். ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போன பிறகும் முன்னோக்கி ஓர் அம்பு போட்டு 'சுண்டிய விசை' என்று எழுதுவார்கள். விரல் தொடாதபோது அந்த விசை ஏது? ஓடுகிற ஸ்ட்ரைக்கரின் மேல் இருப்பவை ஈர்ப்பு, பலகை மேல்நோக்கித் தரும் செங்குத்து விசை, பின்னோக்கிய உராய்வு. அவ்வளவுதான். பவுடர் தூவுவது மூன்றாவதைக் குறைக்க.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது? காற்றின் தடையை விட்டால் ஈர்ப்பு ஒன்றே ஒன்று. திசைவேகம் சுழி, முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8. உச்சியில் முடுக்கமும் சுழியாகியிருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

4. மூன்றாம் விதியின் ஜோடி ஒரே படத்தில் வராது

மேஜை மேல் புத்தகம் இருக்கிறது. கீழே எடை, மேலே செங்குத்து விசை, இரண்டும் சமம். 'ஆகவே இது மூன்றாம் விதி' என்று எழுதாத விடைத்தாள் குறைவு. இது மூன்றாம் விதி இல்லை. புத்தகம் முடுக்கமின்றி இருப்பதால் இரண்டும் சமமாக இருக்கின்றன. அதே புத்தகத்தை லிஃப்டில் வைத்தால் சமமில்லாமலும் போகும்.

ஜோடியைக் கண்டுபிடிக்க வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். 'பூமி புத்தகத்தை இழுக்கிறது' என்பதன் ஜோடி 'புத்தகம் பூமியை இழுக்கிறது'. 'மேஜை புத்தகத்தைத் தள்ளுகிறது' என்பதன் ஜோடி 'புத்தகம் மேஜையைத் தள்ளுகிறது'. வினைச்சொல் அதேதான், பொருள்கள் மட்டும் இடம் மாறும். இரண்டும் வெவ்வேறு பொருளின் மேல் செயல்படுவதால் ஒன்றையொன்று ஈடுகட்ட வழியே இல்லை.

5. திசைக்குக் குறி போடுங்கள்

பொருள் எந்தப் பக்கம் முடுக்கம் பெறும் என்று தோன்றுகிறதோ அந்தப் பக்கத்தை நேர்க்குறி என்று தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். தப்பாக ஊகித்தாலும் பரவாயில்லை, முடிவில் எதிர்க்குறி வந்து சொல்லிவிடும். நடுவழியில் குறியை மாற்றுவதுதான் ஆபத்து.

பதினொன்றாம் வகுப்பினருக்குச் சாய்தளம் இங்கே வருகிறது. வீடு மாற்றும்போது குட்டியானை வண்டியில் பலகை சாய்த்து வாஷிங் மெஷினை ஏற்றுவார்களே, அதே கணக்கு. அச்சுகளைப் பலகையோடு சாய்த்துக்கொள்ளுங்கள். எடையைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பலகை வழியே கீழ்நோக்கி எடை × சைன், பலகைக்குச் செங்குத்தாக எடை × கொசைன். 40 கிலோ மெஷின், 30 டிகிரிப் பலகை, உராய்வு இல்லை என்றால், வழுக்காமல் பிடித்து நிறுத்தப் பலகை வழியே 392 × 0.5 = 196 நியூட்டன் வேண்டும்.

சைனும் கொசைனும் இடம் மாறிவிடுகிறதா? கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தட்டையான தரையில் பொருள் தானாக வழுக்காது, ஆகவே வழுக்கும் பக்கத்தில் சுழியாகிற சைன்தான் இருக்க வேண்டும்.

6. இப்போதுதான் 'விசை = நிறை × முடுக்கம்'

இடப்பக்கத்தில் வருவது தொகுபயன் விசை, அதாவது எல்லா அம்புகளையும் குறியோடு கூட்டினால் வருவது. வினாவில் கொடுத்திருக்கும் முதல் விசையை அப்படியே அங்கே போடுவதுதான் வழக்கமான தவறு.

20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேனின் சொந்த எடையை விட்டால் நிறை 20 கிலோ, எடை 196 நியூட்டன். டைல்ஸ் தரையில் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்று வைப்போம். குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் உராய்வு கிடைக்கும்: முதலாவது நிற்கும்போது எட்டக்கூடிய உச்சத்துக்கு, இரண்டாவது நகரும்போது. (பத்தாம் வகுப்பு வரை உராய்வு எத்தனை நியூட்டன் என்று நேரடியாகவே கொடுத்துவிடுவார்கள்.) கேனை அடிப்பக்கமாகப் பிடித்துக் கிடைமட்டமாகத் தள்ளுகிறோம். மேலே பிடித்துத் தள்ளினால் கவிழும், அது வேறு கணக்கு.

50 நியூட்டன் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 0.4 × 196 = 78.4 என்று எழுதிவிட்டு, 'தொகுபயன் விசை 28.4 நியூட்டன் பின்னோக்கி' என்று முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் தள்ளினால் கேன் பின்னால் வருமா? 78.4 என்பது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய உச்சம். கேன் நகராதவரை, தள்ளுகிற அளவுக்குத்தான் உராய்வு எதிர்த்து நிற்கும். ஆகவே விடை 50 நியூட்டன், முடுக்கம் சுழி.

100 நியூட்டன் தள்ளினால்? 78.4-ஐத் தாண்டிவிட்டது, நகரும். நகர்ந்ததும் இயக்க உராய்வுக்கு மாறுங்கள்: 0.3 × 196 = 58.8. தொகுபயன் விசை 41.2 நியூட்டன், முடுக்கம் 2.06 மீ/வி².

70 நியூட்டன் என்றால் கொஞ்சம் சுவாரசியம். நின்றிருக்கும் கேன் நகராது. ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தால் 11.2 நியூட்டன் மீதமிருக்கும், வேகம் கூடிக்கொண்டே போகும். ஒரே தள்ளு, இரண்டு விடை. பீரோவைத் தள்ளும்போது முதல் அசைவுக்குத்தான் ஆள் கூப்பிட வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே செங்குத்து விசை எடைக்குச் சமமாக இருந்தது, தரை தட்டையாகவும் தள்ளு கிடைமட்டமாகவும் இருந்ததால். கேனைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால் செங்குத்து விசை கூடும், உராய்வும் கூடும். 'செங்குத்து விசை = எடை' என்பது விதி இல்லை. ஒவ்வொரு தடவையும் படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

7. லிஃப்ட் கணக்கு

50 கிலோ ஆள், லிஃப்டுக்குள் எடைக் கருவி மேல் நிற்கிறார். ஆளைச் சுற்றி வட்டம். இரண்டே அம்பு: கீழே 490 நியூட்டன், மேலே கருவி தரும் செங்குத்து விசை. கருவி காட்டுவது இந்த இரண்டாவதைத்தான். தோற்ற எடை என்று புத்தகம் சொல்வது அது.

முடுக்கம் மேல்நோக்கி 1 மீ/வி² என்றால் செங்குத்து விசை 490 + 50 = 540. கீழ்நோக்கி 1 என்றால் 440. சீரான வேகத்தில் போனால், மேலே போனாலும் கீழே போனாலும், 490. கயிறு அறுந்து தடையின்றி விழுந்தால் சுழி.

தவறு எங்கே நடக்கிறது? 'லிஃப்ட் மேலே போகிறது, ஆகவே கூடும்' என்று எழுதுவதில். மேலே போய்க்கொண்டே வேகம் குறைகிற லிஃப்டின் முடுக்கம் கீழ்நோக்கி. பத்தாவது மாடியில் நிற்கப்போகும் அந்த விநாடியில் 440தான். பார்க்க வேண்டியது முடுக்கத்தின் திசையை, பயணத்தின் திசையை அல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதைச் செய்தே பார்க்கலாம். முள் வைத்த எடைக் கருவியை லிஃப்டுக்குள் எடுத்துப் போங்கள். டிஜிட்டல் வேண்டாம், பல டிஜிட்டல் கருவிகள் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மாறாமல் நிற்கும். புறப்படும்போது ஒரு பக்கம், நிற்கும்போது மறு பக்கம் முள் அசையும். இடையில் பழைய இடத்துக்கே வந்துவிடும். கருவி கிலோவில் காட்டுவதால் 540 நியூட்டன் சுமார் 55 என்று தெரியும். அசைவு ஓரிரு விநாடிதான், கண்ணை எடுக்காதீர்கள்.

8. முடுக்கம் கிடைத்த பிறகு இயக்கச் சமன்பாடுகள்

மூன்று சமன்பாடுகள்:

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம்

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலம்²

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

மொத்தம் ஐந்து ராசிகள். ஐந்தையும் வரிசையாக எழுதி, தெரிந்ததை நிரப்புங்கள். மூன்று தெரிந்தால் கணக்கு முடியும். வினாவில் வராத, கேட்கப்படவும் இல்லாத ராசி எது என்று பார்த்து, அது இல்லாத சமன்பாட்டை எடுங்கள். 'ஓய்விலிருந்து', 'நின்றது' என்ற சொற்களில் ஒளிந்திருக்கும் சுழிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இவை முடுக்கம் மாறாதபோது மட்டும்தான் பொருந்தும். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போவதை ஒரே சமன்பாட்டில் அடைக்க முடியாது. துண்டு போட வேண்டும். எண்களை நாமே வைத்துக்கொள்வோம்: 0.5 மீ/வி² முடுக்கத்தில் 15 மீ/வி வரை போகிறது, 60 விநாடி அதே வேகம், அப்புறம் 0.75 மீ/வி² வீதம் வேகம் குறைந்து நிற்கிறது.

முதல் துண்டு 30 விநாடி, 225 மீட்டர். நடுத்துண்டு 900 மீட்டர். கடைசித் துண்டு 20 விநாடி, 150 மீட்டர். ஆக 110 விநாடியில் 1275 மீட்டர். ஒரு துண்டின் இறுதித் திசைவேகம்தான் அடுத்ததன் தொடக்கத் திசைவேகம், இதை மறந்து மறுபடி சுழியிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு.

சராசரி வேகம் 1275 ÷ 110, சுமார் 11.6 மீ/வி. சுழியையும் 15-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 7.5 என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. அந்தக் குறுக்குவழி முடுக்கம் மாறாத ஒரே துண்டுக்குத்தான் செல்லும். திசைவேகம்–காலம் வரைபடம் போட்டால் சரிவகம் கிடைக்கும்: ½ × (60 + 110) × 15, அதே 1275.

மேலே எறியும் கணக்குகளில் மேல்நோக்கி நேர்க்குறி என்றால் முடுக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் −9.8தான். உச்சியில் குறி மாற்ற வேண்டாம்.

9. உந்தம், கணத்தாக்கு

உந்தம் என்பது நிறை × திசைவேகம். கணத்தாக்கு என்பது விசை × காலம், அது உந்த மாற்றத்துக்குச் சமம். இந்தப் பகுதி எளிது. ஒரு பொறி மட்டும்தான்: திரும்பி வரும் பந்து. 0.16 கிலோ கிரிக்கெட் பந்து 20 மீ/வி வேகத்தில் வந்து, அடிபட்டு 25 மீ/வி வேகத்தில் எதிர்த் திசையில் போனால், திசைவேக மாற்றம் 5 இல்லை, 45. உந்த மாற்றம் 7.2 கிலோகிராம் மீ/வி.

20 மீ/வி வேகத்தில் வரும் அதே பந்தைக் கையில் பிடிப்பவர் 0.01 விநாடியில் நிறுத்தினால் சராசரி விசை 320 நியூட்டன். கையைப் பின்னுக்கு இழுத்து 0.1 விநாடி எடுத்தால் 32. உந்த மாற்றம் இரண்டிலும் ஒன்றே, காலம் மட்டும் பத்து மடங்கு.

10. விடை வந்ததும் செய்ய வேண்டியது

அலகு எழுதினீர்களா, எண் நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஆட்டோவின் முடுக்கம் 40 மீ/வி² என்று வந்தால் எங்கேயோ 3.6 விட்டுப்போயிருக்கிறது. அப்புறம் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், கிடைத்த விசையைத் தருவது யார் என்று இன்னொரு முறை கேளுங்கள்.

இதை ஒரு கணக்கில் செய்து பாருங்கள். ஓட்டுநரோடு 500 கிலோ உள்ள ஆட்டோ மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. பிரேக் போட்டதும் 5 விநாடியில் சீராக வேகம் குறைந்து நிற்கிறது. 54 என்பது 15 மீ/வி. முடுக்கம் −3, விசை 1500 நியூட்டன் பின்னோக்கி, கடந்த தூரம் 37.5 மீட்டர்.

அந்த 1500 நியூட்டனைத் தந்தது யார்? 'பிரேக்' என்பார்கள். ஆட்டோ முழுவதையும் சுற்றி வட்டம் போட்டால் பிரேக் வட்டத்துக்குள் இருக்கிறது. காற்றை விட்டால், வெளியிலிருந்து தொடுவது சாலை மட்டுமே. பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கிறது, வண்டியைப் பின்னுக்குத் தள்ளுவது சாலையின் உராய்வு. மழையில் அந்த உராய்வு 1000 நியூட்டனுக்கு மேல் கிடைக்காது என்று வைத்தால், முடுக்கம் −2 ஆகிவிடும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் அதே ஆட்டோ நிற்க 7.5 விநாடியும் 56.25 மீட்டரும் வேண்டும்.